பொற்காசின் இரு விலைகள்



நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நகைக்கடைக்குச் சென்றால் 'ஒரு சவரன் என்ன விலை?' என்று கேட்கிறோம். சிலர் 'பவுன்' என்பர். இன்று ஒரு சவரன் என்றால் 8 கிராம் பொன் என்று பொருள். ஆனால் சவரன் என்பது முதலில் எடையின் பெயர் அன்று. அது ஒரு காசின் பெயர். இங்கிலாந்து நாட்டில் 1817 முதல் அடிக்கப்பட்ட சாவரின் என்னும் பொற்காசு 7.988 கிராம் எடையுடையது. அக்காசு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. நம் பாட்டிமார் கழுத்தில் காசுமாலையாய்த் தொங்கிற்று. பின்னர் உருகி வளையலும் தோடும் ஆயிற்று. காசு போய்விட்டது, அதன் பெயர் மட்டும் எடையாக நிற்கிறது. இவ்வாறே நாட்டு மருந்துச் சுவடிகளில் 'வராகனெடை' என்றோர் அளவு வரும். அதுவும் ஒரு காசின் பெயரே. வராகன் என்ற பொற்காசு மறைந்து இரு நூற்றாண்டுகள் ஆகியும், மருந்து நிறுப்போர் நாவில் அதன் பெயர் மறையவில்லை.

வழக்கொழிந்த இத்தகைய பொற்காசுகளைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றியும், அவற்றில் பணத்தை முதலீடு செய்யலாமா என்பதைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன். 'எங்கள் கையில் பொற்காசு ஏது?' என்று நீங்கள் நகைக்கக்கூடும். உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆயின், நீங்கள் நடக்கும் மண் அத்தகையது. வேலூர்க் கோட்டை வாயிலில் நின்றுகொண்டு, 'இவ்வழியே எந்தெந்தக் காசுகள் போயிருக்கும்?' என்று எண்ணிப் பாருங்கள்.

விஜயநகரப் பேரரசு 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தளர்ந்தபின், அதன் அரசர்கள் தெற்கே நகர்ந்தனர். அவர்களுள் சிறந்தவரான இரண்டாம் வேங்கடபதி தேவராயர் சந்திரகிரியிலும் நம் வேலூரிலும் இருந்து ஆண்டு 1614-இல் மறைந்தார். அவர் காலத்துப் பொன் வராகனின் ஒரு முகத்தில் வளைவு ஒன்றின் கீழ் நின்ற கோலத்தில் திருவேங்கடமுடையான் உருவம் காணப்படும். மறுமுகத்தில் அப்பெருமானுக்கு வணக்கம் கூறும் நாகரி எழுத்துகள் இருக்கும். காசில் தம் பெயரைப் பொறிப்பதை விட்டுத் தம் தெய்வத்தின் பெயரைப் பொறித்தார் அவ்வரசர்.

இக்காசின் தரத்தை அந்நாளில் உலகம் அறிந்திருந்தது. 1443-இல் பாரசீகத்திலிருந்து விஜயநகரத்துக்குத் தூதராக வந்த அப்துர் ரசாக், அங்கு வழங்கிய பொற்காசுகளை முறைப்படி குறித்து வைத்திருக்கிறார். பெரியது வராகன், அதில் பாதி பிரதாபம், பிரதாபத்தில் பத்தில் ஒன்று பணம். ஆம், 'பணம்' என்பதும் ஒரு காசின் பெயர்தான். பருப்பளவே இருக்கும் அச்சிறு பொற்காசை ஊதினால் பறந்துவிடும். கடைத்தெருவில் மிகவும் பயன்பட்டது அதுவே என்கிறார் அத்தூதர். அதன் பெயரே இன்று செல்வம் முழுமைக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1639-இல் சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை பெற்றபோதே, காசு அடிக்கும் உரிமையையும் அவர்கள் கேட்டுப் பெற்றனர். சென்னையில் இன்றும் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருப்பதை அறிவீர்கள். தங்கசாலை என்பது காசு அடிக்கும் இடம். கும்பினியார் தம் அரசரின் தலையைப் பொற்காசில் பொறித்திருந்தால் நம் ஊர்ச் சந்தையில் அதை யார் வாங்குவர்? ஆகவே அவர்களும் திருமாலின் உருவத்தையே பொறித்தனர். திருமாலும் இரு தேவியரும் அமைந்த ஒருவகை வராகன் உண்டு. திருமால் தனித்து நிற்க, மறுமுகத்தில் சிறு புள்ளிகளின் நடுவே விண்மீன் ஒன்று பொலியும் வகையும் உண்டு. இப்பின்னதைப் பூவராகன் என்றும் மக்கள் வழங்கினர். 1807-ஐ ஒட்டிப் பொறியினால் அடித்த புதிய வராகனில் கோயில் கோபுரத்தையே பொறித்து, ஆங்கிலத்துடனும் பாரசீகத்துடனும் தமிழ் எழுத்தையும் தெலுங்கு எழுத்தையும் சேர்த்தனர். வாணிகம் செய்ய வந்தவர்க்குச் சந்தையின் நம்பிக்கையே முதல். நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் இருப்பது தற்செயல் என்று நான் கருதவில்லை.

ஒரு பூவராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. பெருக்கிப் பாருங்கள், 3,360 காசு வரும். இதற்கு மேல் ஆர்க்காட்டு ரூபாய் வேறு. ஊருக்கு ஊர் வட்டம் பிடித்துக்கொண்டு காசு மாற்றித் தரும் சராப்புகள் செல்வராகாமல் வேறு யார் ஆவர்? 1818-இல் சென்னை மாகாணத்துக்கு ரூபாயே கணக்குக் காசு என்று முடிவு செய்தபோது, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று ஈடு வகுத்தனர். அன்றோடு வராகனின் ஆட்சி முடிந்தது.

வேலூரை நான் முன்னே நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய மக்களையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டையில்தான் வைத்தனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் இங்குக் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின்னரே அக்குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வளவும் உங்கள் வரலாற்றுப் பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். திப்புவின் தந்தை ஹைதர் அலி பெதனூரை வென்றபோது, அங்கு வழங்கிய சிவபெருமானும் உமையும் வீற்றிருக்கும் பொற்காசை மாற்றவில்லை. மறுபுறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்துக்கொண்டார். திப்பு தம் காசுகளில் அத்தெய்வ உருவங்களை விட்டுவிட்டார். ஆனால் வராகன் எடையிலான தம் பொற்காசில் தந்தையின் எழுத்தை விடவில்லை. மேலும், தாமே வகுத்த ஓர் ஆண்டுக் கணக்கைக் கைக்கொண்டு, அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அறியாதவர் அக்காசின் ஆண்டைப் படித்தால் தலைகீழாகத்தான் படிப்பர். தந்தையும் மகனும் எவ்வகையில் ஒத்தவர், எவ்வகையில் வேறுபட்டவர் என்பதை இருபது பக்கம் எழுதியும் நான் வகுப்பில் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

இனி, விலை என்னும் செய்திக்கு வருவோம். பழம் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை உண்டு. ஒன்று பொன்னின் விலை. அதனைத் தராசும் உரைகல்லும் சொல்லிவிடும். மற்றொன்று காசின் விலை. அது அக்காசு எத்துணை அரியது, எந்நிலையில் உள்ளது, எங்கிருந்து வந்தது, அதனை விரும்புவோர் எத்தனை பேர் என்பவற்றைப் பொறுத்தது. முதல் விலை நாளேட்டில் வரும். இரண்டாவது விலை அறிவுடையோர் கண்ணில்தான் உள்ளது.

அமெரிக்க நாட்டில் 1933-இல் இருபது டாலர் பொற்காசுகள் 4,45,500 அடிக்கப்பட்டன. அவ்வேளையில் அந்நாட்டு அரசு பொற்காசு வழக்கையே நிறுத்திவிட்டது. ஆகவே அக்காசுகள் வெளியிடப்படாமலேயே பெரும்பாலும் உருக்கப்பட்டன. தப்பிய சிலவற்றுள் தனியார் வைத்துக்கொள்ளச் சட்டம் இசைந்தது ஒன்றே ஒன்று. 2021-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த அக்காசு ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதிலுள்ள பொன் 30 கிராம் அளவே. இச்செய்தியைப் படித்தவர் பலர், 'பழைய காசு என்றால் கோடி' என்று எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். புகழ் வேறு, அருமை வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கிருஷ்ணதேவராயரை அறியாதவர் யார்? ஆயின் அவருடைய அரை வராகன்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆதலின் அவை அத்துணை அரியவை அல்ல. பெயரே கேள்விப்படாத சிற்றரசன் ஒருவனின் காசு அதனினும் பன்மடங்கு விலை பெறக்கூடும்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியிலிருந்தபோது, என் மாணவி ஒருத்தியின் தந்தை பள்ளிக்கு வந்தார். ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் சாலையில் வேலை. நம் வட்டாரத்தில் தோல் ஷாப் என்று சொல்வோமே, அதுதான். கட்டைவிரலால் தடவிப் பார்த்தே தோலின் தரத்தைச் சொல்லிவிடக்கூடியவர். அவர் மடியிலிருந்து ஒரு பொற்காசை எடுத்து என் மேசைமேல் வைத்தார். 'ஐயா, இது ராஜராஜ சோழன் காலத்துக் காசாம். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது ஒரு பானை நிறையக் கிடைத்ததாம். போலீசுக்குப் பயந்து பாதி விலைக்குத் தருகிறார்கள். பெண்ணின் படிப்புக்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் இருக்கிறது. வாங்கி வைத்தால் நாலு வருடத்தில் நாலு மடங்கு ஆகும் என்கிறார்கள். இதை மாதிரிக்கு என்று கொடுத்தார்கள். நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்' என்றார்.

காசைக் கையில் எடுத்தேன். நின்ற திருமால்; மறுபுறம் புள்ளிகள்; நடுவே விண்மீன். கும்பினியாரின் பூவராகன். ராஜராஜனுக்கும் அதற்கும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆகவே, சொன்ன கதை பொய் என்பது அப்போதே தெரிந்தது. ஆனால் பொன்னும் பொய்யா? எங்கள் பௌதிக ஆசிரியரை அழைத்தேன். ஆர்க்கிமிடீஸ் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அதைப் பயன்படுத்தும் வேளை இப்போது வந்தது. ஆய்வுக்கூடத்துத் தராசில் நிறுத்தோம், 3.40 கிராம் இருந்தது. மெல்லிய நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தோம், 3.20 இருந்தது. நீரில் இழந்த எடை 0.20. வகுத்தால் ஒப்படர்த்தி 17. பித்தளையாயின் இதே எடையில் 0.40 இழந்திருக்கும், ஒப்படர்த்தி எட்டரை அளவில் நின்றிருக்கும். பத்தரை மாற்றுப் பொன்னுக்கு 19.3, செம்பும் வெள்ளியும் கலந்த காசுப்பொன்னுக்கு 17 பொருத்தமே. காசு உண்மையான பொற்காசு!

அவர் முகம் மலர்ந்தது. எனக்கோ கவலை மிகுந்தது. ஏன் என்கிறீர்களா? ஏமாற்ற நினைப்பவன் மாதிரியில் ஏமாற்றமாட்டான். தூண்டிலில் வைத்த புழு உண்மையான புழுதான். ஆகவே அவரிடம், 'பானையில் உள்ளவற்றுள் இருபது காசுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல், நீங்களே கண்ணை மூடிக்கொண்டு மூன்றை எடுங்கள். இதே தராசில் நிறுப்போம். அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டா' என்று கூறினேன். சரி என்று போனார். அவர்களும் சரி என்றார்களாம். மறுநாள் முதல் அவர்களைக் காணவில்லை. கொடுத்த மாதிரிக் காசையும் கேட்டு வாங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதுதானே அவர்களுக்குத் தொழிற்கருவி! அம்மாணவி பின்னர்ச் செவிலியர் கல்லூரியில் சேர்ந்தாள்.

இத்துடன் அக்கதை முடிந்தது. ஆயினும் அத்தந்தை புறப்படுமுன் கேட்ட கேள்வி ஒன்று இன்றும் சிந்திக்கத் தக்கது. 'ஐயா, பானை உண்மையாகவே இருந்து, எல்லாம் உண்மையான பொன்னாகவே இருந்தால், வாங்குவதில் என்ன தவறு?' என்றார் அவர். நேர்மையான கேள்வி. அதற்குச் சட்டத்தின் விடை ஒன்று. வரலாற்றின் விடை மற்றொன்று.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. இவ்வளவை எல்லோரும் அறிவர், அறிந்து அஞ்சுவர். அச்சட்டத்தின் மறுபாதியை அறிந்தவர் சிலரே. புதைத்தவரின் உரிமையாளர் என்று எவரும் மெய்ப்பிக்காவிடில், புதையல் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பங்காகும். இருவருக்குள் வேறு உடன்பாடு இல்லையெனில், நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவர்க்கு. ஒரு பங்கு நிலத்துக்குரியவர்க்கு. அரசே அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். அதாவது, கள்ளத்தனமாகப் பாதி விலைக்கு விற்பவனைவிட, ஆட்சியர் அலுவலகத்தின் படியேறியவனுக்கு மிகுதியாகவே கிடைக்கும். காலதாமதம் ஆகும் என்பதை நான் மறுக்கவில்லை. அரசாங்கக் கோப்பு ஆமை நடை நடப்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்த ஆமை போய்ச் சேரும்.

வரலாற்றின் விடையை விளக்க இரண்டு புதையல்களைச் சொல்கிறேன். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் ஒரு மண்கலத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை ஆண்ட ரோமப் பேரரசர்களின் காசுகள் அவை. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் அளவு செல்வத்தை இந்தியா ஈர்த்துக்கொள்கிறதே என்று பிளினி என்னும் ரோமானிய அறிஞர் வருந்தினார் அல்லவா? அவர் வருந்திய பொன்னில் ஒரு கைப்பிடி நம் நாட்டு மண்ணில் அப்படியே இருந்தது. அக்காசுகளுள் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு ஒன்று காணப்பட்டது. ஏன் வெட்டினர்? இனிக் காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே கொள்க என்று காட்டவா? உள்ளே பொன்தானா என்று அறியவா? அறிஞர்கள் பலவாறு கூறுவர். இக்கேள்வியை நாம் எழுப்ப முடிவதே, அக்காசுகள் ஒரு தொகுதியாக எண்ணப்பட்டு, எழுதப்பட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞரால் அவ்வாண்டிலேயே ஆராயப்பட்டதனால்தான். ஒவ்வொன்றாகத் தட்டாரிடம் போயிருந்தால், வெட்டுத் தழும்பும் பொன்னோடு உருகியிருக்கும். அவற்றுள் பல இன்று இலண்டனில் இருக்கின்றன என்பது நமக்கு வருத்தந்தான். உருகாமல் இருக்கின்றன என்பதில் ஓர் ஆறுதல்.

மற்றொன்று அண்மைக் காலத்தது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது, ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1,716 கிராம் என்று அறிவித்தனர். மாணவர்களே, தாளை எடுத்து வகுத்துப் பாருங்கள். 1,716-ஐ 505-ஆல் வகுத்தால் 3.398 வரும். காசு ஒன்றுக்குச் சராசரி 3.4 கிராம். இந்த எண்ணைச் சற்று முன்னர்க் கேட்டீர்கள் அல்லவா? அது வராகனின் எடை! அவற்றுள் ஒரு காசு மற்றவற்றினும் பெரியது என்பதால் கணக்கு இம்மியளவு மாறும். ஆயினும் அடிப்படை மாறாது. எடை ஒன்றைக் கொண்டு காலத்தை முடிவு செய்துவிடக் கூடாது. உருவமும் எழுத்தும் பார்க்க வேண்டும். எனினும், வீட்டில் அமர்ந்து செய்தித்தாளைப் படித்த ஒரு மாணவன், பென்சில் ஒன்றைக் கொண்டே இவ்வளவு தூரம் செல்ல முடிகிறது. எண்ணிக்கையும் எடையும் பதியப்பட்டதால் வந்த பயன் இது. பானை உடைந்து, காசுகள் பத்துக் கைகளில் பாதி விலைக்குப் பிரிந்திருந்தால், எதை எதனால் வகுப்பது?

முதலீடு என்ற கேள்விக்கு இப்போது நேராக விடை சொல்கிறேன். சிறு வருவாயுள்ள குடும்பத்துக்குப் பழங்காசு ஏற்ற முதலீடு அன்று என்பது என் துணிபு. அஞ்சலகச் சேமிப்பு வட்டி தரும். பழங்காசு வட்டி தராது. பொன் வேண்டுமாயின் பொன்னாகவே வாங்கலாம். அதன் விலை ஊரறிந்தது. பழங்காசை வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது வேறொரு விலை. ஏலத்தில் விற்றால் ஏலக்காரருக்குக் கூலி. போலி எது, பிற்காலத்தில் பழைய அச்சைக் கொண்டு மீண்டும் அடித்தது எது என்று அறியப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அரசின் கொள்கையும் மாறக்கூடும். 1963-இல் பொன் கட்டுப்பாடு வந்து, 1968-இல் தனிச் சட்டமாகி, 1990 வரை நீடித்தது. பொன்னைக் கட்டியாகவும் காசாகவும் வைத்துக்கொள்ள அக்காலத்தில் இருந்த தடைகளை உங்கள் தாத்தாமார் அறிவர். இன்று அத்தடை இல்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதனை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்க எவருக்கும் உரிமை இல்லை; உள்நாட்டிலும் அதனை வாணிகமாகச் செய்ய உரிமம் வேண்டும். அயல்நாட்டு ஏலத்தில் கோடி போயிற்று என்ற செய்தி, நம் வீட்டுப் பெட்டியில் உள்ள காசுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. நம் வீட்டுக் காசுகளின் விலையைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் நாமே. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசு, சேகரிப்போர் கண்ணில் ஊனமுற்ற காசு; பெரும்பாலும் பொன் விலையே பெறும். பண்டிகைக்குப் புளியும் பூந்திக்கொட்டையும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்த காசின் கதியும் அதுவே. அரசரின் மூக்கும் ஆண்டின் கடைசி எண்ணும் தேய்ந்து போனபின் பளபளப்பு எதற்கு? பழங்காசைத் தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

அப்படியானால் சேகரிப்பதே வேண்டாவா? வேண்டும் என்பேன், ஆனால் பொன்னிலிருந்து தொடங்க வேண்டா. முதலாம் ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு எளிதில் கிடைப்பது, விலையும் சிறிது. ஒரு புறம் நின்ற உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அருகே நாகரியில் பெயர். சோழர் பொற்காசு ஒன்றுக்கு ஏங்கி வாழ்நாளைக் கழிப்பதைவிட, இச்செப்புக் காசு பத்தை வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவன் சோழர் காலத்தை மிகுதியாக அறிவான். பொற்காசுகளைக் காண அருங்காட்சியகம் இருக்கிறது. 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தில், இம்மாநிலத்துப் புதையல்கள் பல வந்து சேர்ந்துள்ளன. வேலூர்க் கோட்டைக்குள்ளேயே ஓர் அரசு அருங்காட்சியகம் உண்டு. காட்பாடியில் இறங்குபவனும் ஆம்பூரிலிருந்து பேருந்தில் வருபவனும் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம். இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டாலும், அகழி சூழ்ந்த அக்கோட்டை மூன்று மாவட்டத்தார்க்கும் பொதுவே.

காசு ஒன்று கையில் வந்தால், அதைவிட முந்திக் காகிதம் ஒன்று கையில் வரவேண்டும். எடை, குறுக்களவு, இரு புறத்து உருவங்கள், எழுத்துகள், யாரிடமிருந்து எந்நாளில் எவ்விலைக்குப் பெற்றது, அவர் அதனை எங்கிருந்து பெற்றதாகச் சொன்னார் என்று அனைத்தையும் அதில் எழுதுங்கள். எங்கிருந்து என்று சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். காசைச் சிறு காகித உறையிலிட்டு, உறையின்மேல் அதன் எண்ணைக் குறியுங்கள்.

இதனை இன்று மாலையே தொடங்கலாம். உங்கள் பாட்டியின் காசுமாலை வீட்டில் இருந்தால், அவர்கள் இசைவு பெற்று ஒரு வெள்ளைத் தாளின்மேல் விரித்து வையுங்கள். குதிரைமேல் அமர்ந்து பாம்பரக்கனைக் குத்தும் வீரன் உருவம் இருந்தால், அது சாவரின். கீழே ஆண்டைப் படியுங்கள். ஆண்டு 1918 என்றிருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, ஆண்டுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் தரையைப் பாருங்கள். அவ்வொரே ஆண்டில் மட்டும் பம்பாயில் ஒரு தங்கசாலையை இங்கிலாந்து அரசு தன் கிளையாக நடத்தி, ஏறத்தாழ 13 லட்சம் சாவரின்களை அடித்தது. அவற்றில் மட்டும், இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடுபோல் அத்தரையில் நிற்கும். இருந்தால் எழுதி வையுங்கள். மாலையை யார் யாருக்குக் கொடுத்தார் என்பதையும் பாட்டியிடம் கேட்டு, அதன் கீழேயே எழுதுங்கள்.